பச்சை மரம் இல்லாத இடத்தில்

எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பாள் அப்பாயி. தவறினால் படித்ததெல்லாம் மறந்துபோகுமாம். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். கோடையில் களத்துமேட்டில்தான் எல்லோருக்கும் படுக்கை. வானத்தில் கோடு இழுத்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, கரும்பிண்டமாக நிற்கும் வேப்பமரத்தைத் தேடுவோம். இருட்டில் பச்சை எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மரம் நிற்கும் திசை தெரிந்தால் போதும், மனசு அடங்கிவிடும்.

அது இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் அக்கா மகன். அரிசோனாவில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி கூப்பிட்டு, “மாமா, நெவாடாவுல ரேச்சல்னு ஒரு ஊரு. சுத்தியும் பாலைவனம். பறக்கும் தட்டு பாக்கணும்னே சனங்க அங்க போறாங்க. நாங்க நாலு பேரு கிளம்புறோம். நீங்க இங்க இருந்திருந்தா உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்” என்றான். முப்பது வயதுக்காரனின் குரலில் பத்து வயதுப் பையனின் பரபரப்பு. என்னென்ன எடுத்துப்போகிறார்கள் என்று பட்டியலும் வாசித்தான்: பைனாகுலர், கம்பளி, மடக்கு நாற்காலி, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். அந்தப் பட்டியல் எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்காரத் தீர்மானித்தவர்களின் பட்டியல் அது.

ரேச்சலைப் பற்றித் தேடிப் படித்தேன். ஐம்பது பேர் அளவுக்கு வாழ்கிற ஊர். அதன் வழியாகப் போகும் 375ஆம் எண் சாலைக்கு 1996இல் மாநில அரசே ‘வேற்றுக்கிரகவாசிகள் நெடுஞ்சாலை’ என்று பெயர் வைத்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ‘ஏரியா 51’ என்ற ராணுவத் தளம். அங்கே 1955இலிருந்து யூ-2 என்னும் உளவு விமானத்தைச் சோதித்தார்கள். பயணிகள் விமானங்கள் அன்று பெரும்பாலும் 20,000 அடிக்குள் பறந்தன. யூ-2 பறந்ததோ 60,000 அடிக்கும் மேலே. கீழே இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அதன் இறக்கைகளில் பட்டுத் தெறித்த அந்திவெயில், தாழப் பறந்த விமானிகளுக்கு நெருப்புத் துண்டாகத் தெரிந்தது. அப்படியொரு தளம் உண்டு என்பதை அமெரிக்க உளவுத்துறை தன் ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2013இல். பார்த்தேன் என்று சொன்ன அந்த விமானிகள் பொய் சொல்லவில்லை. வானத்தில் ஒன்று இருந்தது. பார்த்தவர்களிடம் அதற்குப் பெயர் இல்லை, பெயர் தெரிந்தவர்களுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

மறுநாள் நான் அவனைக் கூப்பிட்டேன். “மாப்ளே, நீ போய்ட்டு வா. ஆனா அடுத்த பங்குனிக்கு ஊருக்கு வா. அமாவாசை அன்னைக்கு நான் ஒரு பாலைவனத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“நம்ம ஊர்லயா மாமா? பாலைவனமா?”

காரையைத்தான் சொன்னேன். பெரம்பலூரிலிருந்து தெற்கே, கொளக்காநத்தம் தாண்டிப் போனால் வரும் ஊர். வழியெல்லாம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். ஊரை விட்டுக் கொஞ்சம் விலகி நடந்தால் வயல் சட்டென்று அறுபட்டு, தரை பள்ளமும் மேடுமாக உடைந்து கிடக்கும். சாம்பலும் செம்மண் நிறமும் மஞ்சளுமாக மடிப்பு மடிப்பாகக் களிமண் குன்றுகள். கண்ணாடிச் சில்லுபோல மின்னும் ஜிப்சம் வரிகள் அவற்றின் ஊடே ஓடுகின்றன. மழை குறைந்ததால் ஆன பாலை இல்லை இது. அக்கம்பக்கத்து வயல்களில் பெய்கிற மழைதான் இங்கும் பெய்கிறது. நனைந்தால் ஊதி, காய்ந்தால் வெடித்து, எந்த வேரையும் ஊன்ற விடாத களிமண் இது. ஒவ்வொரு ஐப்பசி மழையும் அதில் புதிய ஓடைகளை அறுத்துவிட்டுப் போகிறது.

அந்தக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடிவண்டல். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து பாலையாகும் என்று பள்ளியில் படித்தோம். காரையில் பாலையாகியிருப்பது நெய்தல். தரையில் துப்பாக்கித் தோட்டாவைப் போலக் கூரான கற்கள் சிதறிக் கிடக்கும். பெலம்னைட் என்று பெயர். கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரின் உள்ஓடு. ஆறாம் வகுப்பில் என் கால்சட்டைப் பை இதனால்தான் கிழிந்தது.

இந்த மண்ணின் ஊர்ப்பெயர்கள் உலகப் புவியியலில் புழங்குகின்றன என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் இங்கே கிடைத்த சிப்பிக் கற்களைச் சேகரித்து அனுப்ப, எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா இந்த உயிர்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளே எழுதினார். அன்று பாறை அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் இன்றும் அப்படியே: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவர் காரை என்ற பெயரை நாக்கு சுளுக்கப் படித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர்ப் பேருந்தில் அது ஒரு நிறுத்தம்.

சரி, பயணத் திட்டத்துக்கு வருகிறேன். பங்குனி அமாவாசை என்று நான் குறித்ததற்குக் கணக்கு இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் விழும் எரிகற்கள்தான் ஆண்டிலேயே அதிகம், ஆனால் மேகத்தை நம்ப முடியாது. பங்குனியில் வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். பொழுது சாயுமுன் போய்ச்சேர வேண்டும், ஓடை விளிம்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வெளிச்சத்திலேயே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். மேலே கெட்டியாகத் தெரியும் மண் அடியில் அரித்துப்போயிருக்கும், கால் வைத்தால் பொலபொலவென்று சரியும். சுருட்டை விரியன் நடமாட்டம் உண்டு, செருப்பு போதாது. ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, பாதுகாப்பும்கூட. டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும். ஒரு தடவை செல்போனைத் திறந்தால் அந்த அரைமணியும் வீண், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சோறு கட்டிக்கொண்டு போவோம். அக்கா புளிச்சோறு கிண்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

என்ன தெரியும்? மாப்பிள்ளை அதைத்தான் கேட்டான். தெரியப்போவதில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிற பெரிய வெளிச்சம் சர்வதேச விண்வெளி நிலையம். மணிகோத்ததுபோல் வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் பலரைக் கலவரப்படுத்தியவை அவை. தொடுவானத்தில் நிறம் மாறி மாறித் துடித்தால் பெரும்பாலும் ஒரு நட்சத்திரம்தான், அப்படித் துடிக்க வைப்பது நம்முடைய காற்று.

இதில் ஏமாறுவது யாருக்கும் இழுக்கு இல்லை. 2012இல் லடாக் எல்லையில் காவல் நின்ற நம் ராணுவ வீரர்கள், சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து மஞ்சள் வெளிச்சங்கள் எழுந்து பல மணி நேரம் மெதுவாக வானத்தைக் கடப்பதாகத் திரும்பத் திரும்பத் தெரிவித்தார்கள். உளவுக் கருவியோ வேறெதுவோ என்று பதற்றம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்து, அவை வெள்ளியும் வியாழனும் என்று கண்டார்கள். கடல்மட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்தில், தூசியில்லாத காற்றில், கிரகங்கள் நாம் பழகியதைவிடப் பிரகாசமாக எரியும். குளிரில் துப்பாக்கியோடு நிற்பவன் கண்ணில் அது எதிரியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் விடிவெள்ளி முளைத்ததும் கவலை ஓட்டக் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரண்டு தலைமுறைக்குள் வெள்ளி நமக்கு அடையாளம் தெரியாத பொருளாகிவிட்டது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. அதே லடாக்கில் ஹான்லே என்னும் குளிர்ப் பாலைவனக் கிராமத்தைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அமைத்தார்கள். ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள். எனக்கு அது ஒரு கனவுபோலத் தோன்றுகிறது. காரைக்கும் அந்தக் கனவு உண்டு.

கண்ணால் பார்த்ததை எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டங்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அந்த விலங்குக்கு ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். கொடுத்த அளவுகள் சரியென்றால் பூமியில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டு எலும்புகள் உறுதியாகக் கல்லாக மாறாதவை. மழை ஈரம் ஏறியதும் பொடிந்து உதிர்ந்துவிட்டன. மிஞ்சியவை அளவுக் குறிப்புகளும் சில படங்களும் மட்டுமே. அதனால் பல ஆண்டுகள் உலகம் நம்ப மறுத்தது. எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டாக இருக்கும் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் இளம் ஆய்வாளர் ஒருவரும் பழைய படங்களை வெளியிட்டு, அது எலும்புதான் என்று மறுபடி வாதாடினார்கள்.

இந்தக் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குழியில் இறங்கித் தன் கையால் தொட்ட மனிதர் அய்யாசாமி. முப்பத்தைந்து வருடம் கழித்தும் பழைய படங்களையும் ‘நான் பார்த்தேன்’ என்பதையும் தவிரக் காட்ட ஒன்றும் இல்லை. மங்கலான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தில் கண்டதைச் சொல்கிறவர்களின் தவிப்பை எனக்குப் புரியவைத்தவர் அவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிவைத்திருந்தார், எந்த மண்ணில் எந்த அடுக்கில் என்று குறித்திருந்தார். பின்னால் வருகிறவர்கள் தன்னை மறுப்பதற்கான வழியையும் அவரே திறந்துவைத்திருந்தார். அதனால்தான் அந்த விலங்கு இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2020 அக்டோபரில், என் சொந்தக் குன்னம் பகுதியில். குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. அன்று மாலைக்குள் டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, கூட்டம் கூடி, எல்லோர் கையிலும் செல்போன். அவை அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய கடல்வண்டல் உருண்டைகள் என்று அறிஞர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு அந்தக் கலைதல்தான் வலித்தது. சுருண்ட ஓட்டுக்குள் காற்றறைகளை அடைத்து, மிதக்கவும் மூழ்கவும் தெரிந்த ஓர் உயிர். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் உலகக் கடல்களில் வாழ்ந்து, டைனோசர்களின் காலத்தோடு பூண்டற்றுப் போனது. அது நம் குளத்துக்குள் வந்து படுத்திருக்கிறது. முட்டை இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். எதிர்பார்த்து வந்த அதிசயம் கைவிட்டுப் போனால், எதிரே இருக்கும் அதிசயம் கண்ணில் படாமல் போகிறது. ரேச்சலில் விடிய விடிய உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று மாப்பிள்ளை திரும்பிவிடக் கூடாதே என்பது என் கவலை. அத்தனை நட்சத்திரங்கள் வந்திருக்கும்.

வானத்திலிருந்து ஒரு விருந்தாளி உண்மையாகவே வந்த கதையும் இந்த மண்ணில் எழுதியிருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள விண்கல் மெக்சிகோவின் யுகடான் கரையில் விழுந்தது. கல்லமேட்டு மணல் அதற்கு முந்தைய உலகம். ஆறுகள் ஓடின, பேருடல்கள் நடந்தன. அதற்கு மேலே வருவது நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கடல் மறுபடி உள்ளே வந்திருக்கிறது, சிப்பிகள் இருக்கின்றன, டைனோசர் எலும்பு ஒன்றும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. செந்துறைப் பக்கம் ஒரு சைக்கிளில் இரண்டு உலகங்களுக்கு இடையே போய்வரலாம். உலகில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. திபெத், மங்கோலியா, லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையையே தாண்டிப் பறக்கும் பறவைகள். 2024 ஜனவரியில் கரைவெட்டியை ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். நாங்கள் போகும் பங்குனியில் அவை வடக்கே கிளம்பியிருக்கும். பின்தங்கிய கூட்டம் ஒன்று இருட்டில் தலைக்கு மேலே குரல் கொடுத்துக்கொண்டு போனால், மாப்பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

திட்டத்தில் நான் மிகவும் ஆசையோடு வைத்திருப்பது நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம். பொழுது சாய்ந்ததும் தெற்கே சற்று மேற்காக அகத்தியர் நட்சத்திரம். பன்னிரண்டு மணி வாக்கில் நேர்தெற்கே தென்சிலுவை. இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் அதன் கிழக்கே ஆல்ஃபா சென்டாரி உச்சம் வரும். கை நீட்டி முஷ்டிக்கு மேல் முஷ்டி வைத்தால் இரண்டு முஷ்டி உயரம்கூட இராது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான், சுமார் 4.37 ஒளியாண்டு. அதன் உறுப்பினரான பிராக்சிமாவைச் சுற்றி ஒரு கோள் இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். அண்டை வீட்டிலிருந்து ஒருவர் வருவதென்றால் அங்கிருந்துதான் வர வேண்டும். 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலம் போகிற வேகத்தில் போனால் அந்தத் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். ரேச்சல் வடக்கே தள்ளி இருப்பதால் தென்சிலுவையும் ஆல்ஃபா சென்டாரியும் அங்கே எழுவதே இல்லை. அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் போய் வானத்தைப் பார்க்கிற அந்த ஊரில் அண்டை வீட்டு விளக்கு தெரியாது. காரையில் தெரியும். இதைச் சொன்னபோது மாப்பிள்ளை கொஞ்சநேரம் பேசவே இல்லை.

தெரியும் என்று சொன்னேன். எத்தனை வருடத்துக்கு என்று சொல்ல முடியவில்லை. காரைக்கு வடக்கே பெரம்பலூர், தென்மேற்கே திருச்சி, கிழக்கிலும் தெற்கிலும் சிமென்ட் ஆலைகள். ராத்திரியில் தொடுவானத்தைச் சுற்றி மங்கலான மஞ்சள் வளையம் நிற்கிறது, தூசி அதை இன்னும் அகலமாக்குகிறது. சிமென்ட் ஆவது அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான். அதில் வீடு கட்டுகிறோம், பாலம் கட்டுகிறோம், என் வீடும் அதில்தான் நிற்கிறது. ஆலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் வானத்தை நோக்கி விளக்கு எரிய வேண்டியதில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சம் தரையில் விழும், மின்சாரமும் மிச்சம். தெற்கே இரண்டு முஷ்டி உயரம் மட்டும் இருட்டாக இருந்தால் போதும். மாவட்ட நிர்வாகங்கள் நினைத்தால் செய்யக்கூடிய காரியம் இது.

விடிந்ததும் சாத்தனூருக்குப் போகிறோம். காரையிலிருந்து பக்கம்தான். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட கல்மரம் அங்கே படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். கரையில் நின்று, சாய்ந்து, கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, வண்டலில் புதைந்து கல்லான மரம். ராத்திரியில் எரிநட்சத்திரம் விழுந்தால் பார்ப்பதற்குக் காரையில் பச்சை மரம் கிடையாது. அப்பாயி இருந்திருந்தால், காலையில் இந்த மரத்தைப் பார்த்தாலும் கணக்கில் சேரும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நான் பொறுக்கிவந்த பெலம்னைட்டுகளில் மூன்று இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. எந்த ஓடையில், எந்த அடுக்கிலிருந்து எடுத்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. இடம் தெரியாததால் ஆய்வு செய்கிறவர்களுக்கு அவை அநேகமாகப் பயன்படாது. கல்லமேட்டு எலும்பை மழை கரைத்தது. காரையின் பெலம்னைட்டுகளை என் போன்றவர்களின் பைகள் கரைத்துக்கொண்டிருக்கின்றன. மூன்றையும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடப் போகிறேன், குழந்தைகள் தொட்டுப் பார்க்கவாவது ஆகும். உங்கள் வீட்டிலும் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். காரைக்கு வருகிறவர்கள் படம் எடுங்கள், தொட்டுப் பாருங்கள், அளந்து எழுதுங்கள். கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.